லைலின் போல்ட்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை துப்பாக்கிகளைத் துடைத்தது. அக்டோபர் முதல் ஞாயிறு. சர்ச்சிலிருந்து வந்ததும் சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்தோம். அவருடைய ரைஃபிள் ஒன்று, என்னுடையது ஒன்று. மான் வேட்டை தொடங்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. நான் குழலுக்குள் துணி விட்டு இழுத்தேன். அவர் எண்ணெய் போட்டார்.

மேசையில் மூன்றாவதாக ஒரு போல்ட்டும் இருந்தது. சிவப்புத் துணியில் சுற்றி ஒரு காபி டின்னுக்குள் வைத்திருந்தார். தோட்டாவை உள்ளே தள்ளி, பின்பக்கத்தை அடைத்துப் பூட்டுகிற எஃகுத் தண்டு அது. கையால் இழுத்தாலே கழன்று வந்துவிடும். அது இல்லாவிட்டால் ரைஃபிள் வெறும் கம்பு. அந்தப் போல்ட்டுக்கு உரிய துப்பாக்கி எங்கள் வீட்டில் இல்லை.

"இது யாரோடது?"

"ஒரு சினேகிதனோடது. பூட்டினா எவ்வளவு இடைவெளி நிக்குதுன்னு அளந்து பாக்கச் சொன்னான்."

நான் அடுத்த மாநிலத்து ஸ்போக்கேனில், அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். என்னிடம் போய் இதைச் சொன்னார்.

"துப்பாக்கி இல்லாம போல்ட்டை மட்டும் வெச்சு என்னத்தை அளப்பீங்க? மூடியை மட்டும் வெச்சுக்கிட்டு ஜாடி ஒழுகுதான்னு பாக்கறாப்பல இருக்கு."

"அளக்கலாம், அளக்கலாம். எல்லாம் எஞ்சினியரம்மாவுக்கு மட்டும்தான் தெரியுமா?"

டின்னை மூடி, குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தார். நானும் விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்து, தபால் நிலையத்து வாசலில், பிக்கப்பின் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார். மாரடைப்பு. மடியில் அன்றைய தபால் இருந்தது. வயது எழுபத்து நான்கு.

அவர் பெயர் ஓரின் டுவெய்ட். மொன்டானாவின் வடக்கு ஓரத்தில், கோதுமையும் ரயில் பாதையும் தவிர வேறொன்றும் இல்லாத கார்வெலில் பிறந்தார். அங்கேயே தானியக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் மேனேஜராக இருந்தார். லாரிகளை நிறுத்தி எடை போடுவார், ஈரம் பார்ப்பார், சீட்டு எழுதுவார். வருகிறவனோடு இரண்டு நிமிடம் பேசுவார். அந்த இரண்டு நிமிடத்தில் அவன் எப்படி இருக்கிறான் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

அது அவருக்குத் தாமதமாக வந்த வித்தை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் அவருடைய தம்பி ஆண்டர்ஸ் களஞ்சியத்தில் தன்னையே சுட்டுக்கொண்டார். வங்கி நிலத்தை எடுத்துக்கொண்ட வருடம் அது. அதற்கு இரண்டு நாள் முன்னால் அப்பா அவர் வீட்டுக்குப் போயிருந்தார். சிங்க்கில் ஒரு வாரப் பாத்திரம் கிடந்ததாம். தண்ணீர் குடிக்கப் போனவர் அதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. "பாத்தேன். பாத்துட்டு வந்துட்டேன்" என்று ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னார். அதைச் சொன்னபோது எனக்குப் பதினாறு வயது.

அதற்குப் பிறகுதான் போல்ட் வாங்குவது தொடங்கியது. ஊரில் யாராவது சோர்ந்து போயிருக்கிறான் என்று தோன்றினால், சீட்டுக்கட்டையும், புள்ளி குறிக்கக் குச்சி செருகுகிற கிரிபேஜ் பலகையையும் எடுத்துக்கொண்டு போவார். மூன்று ஆட்டம் ஆடுவார். நடுவில் எழுந்து, சிங்க்கில் தானே தண்ணீர் பிடித்துக் குடிப்பார். கிளம்பும்போது, "உன் ரைஃபிள் போல்ட்டைக் குடு. இடைவெளி அளந்து பாக்கறேன்" என்பார். துப்பாக்கி சுவரில் அதே இடத்தில் இருக்கும். வருகிறவர்கள் கண்ணுக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியாது. போல்ட் மட்டும் எங்கள் காபி டின்னில் இருக்கும்.

போல்ட்டை மட்டும் வைத்து இடைவெளியை அளக்க முடியாது என்பது அந்த ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். கொடுக்கிறவனுக்கு அது பொய் என்று தெரியும். தனக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியும் என்றும் தெரியும். ஆனாலும் கொடுத்தார்கள். ஒரு குளிர்காலத்தில் டின்னில் ஐந்து இருந்தன. எதிலும் பெயர் கிடையாது. யாருடையது என்பது அவர் தலைக்குள் மட்டும்தான்.

"போல்ட் இல்லேன்னா கடைக்குப் போய் வேற துப்பாக்கி வாங்கிக்க மாட்டானா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வாங்கலாம். பதினேழு மைல் வண்டி ஓட்டணும். பதினேழு மைல் போறதுக்குள்ள மனுஷனுக்குப் பசிக்கும்."

யாரும் அவரிடம் போல்ட்டைக் கேட்டு வாங்கியதில்லை. அவரே மறுபடி சீட்டாடப் போவார், சிங்க்கைப் பார்ப்பார், நாய்க்குச் சோறு வைத்திருக்கிறதா என்று பார்ப்பார். சரியென்று பட்டால் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைப்பார். "இடைவெளி சரியா இருக்கு." அவ்வளவுதான்.

இந்த வருடம் பிப்ரவரியில் மாநில சட்டசபைக்கு ஒரு மசோதா வந்தது. தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலையில் இருப்பவரின் துப்பாக்கிகளை, குடும்பத்தார் கேட்டால் நீதிபதி சில மாதங்களுக்கு எடுத்து வைக்க உத்தரவிடலாம். சாவு வீட்டுக்குப் போடும் கோட்டை அப்பா மாட்டிக்கொண்டு, தலைநகர் ஹெலினாவுக்கு நான்கு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய், மசோதாவை எதிர்த்துப் பேசினார். நான் ஸ்போக்கேனில் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க ஊர்ல யாரு சரியில்லைன்னு எங்களுக்குத் தெரியும்" என்றார். "ஜட்ஜ் அறுபது மைல் தள்ளி இருக்காரு. நீங்க ஷெரிஃபை அனுப்பிப் புடுங்கினா, அடுத்தவன் வாயே திறக்க மாட்டான். இப்ப அவங்களாக் குடுக்கறாங்க."

கமிட்டியில் ஒரு பெண்மணி கேட்டார். "அப்படி எத்தனை பேர்கிட்ட வாங்கி வெச்சிருக்கீங்க, மிஸ்டர் டுவெய்ட்?"

"அதைச் சொன்னா எவனும் குடுக்க மாட்டான், மேடம்."

அறையில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே மசோதாவை ஆதரித்து நான் எழுத்து மூலம் ஒரு பக்கம் அனுப்பியிருந்தேன். அதில் ஆண்டர்ஸ் சித்தப்பாவைப் பற்றி எழுதியிருந்தேன். கமிட்டி அறை வாசலில், கருத்துச் சொன்னவர்கள் என்று ஒட்டியிருந்த பட்டியலில் இரண்டு பெயர்களும் அடுத்தடுத்து இருந்திருக்கின்றன. இரவு அப்பா போன் செய்தார்.

"ரெண்டு டுவெய்ட் இருந்தாங்க. ஒண்ணுக்கு ஒண்ணு கழிஞ்சு போச்சு. போய்ட்டு வந்த பெட்ரோல்தான் தண்டம்."

"அப்பா, நான் சொல்ல வந்தது..."

"அவன் பேரை ஏன் போட்டே?"

நான் பேச்சை மாற்றினேன். "நீங்க ஒருத்தர் இருக்கற ஊருக்கு நீங்க சொல்றது சரி. நீங்க இல்லாத ஊருக்கு? நாளைக்கு நீங்களே இல்லேன்னா அந்த டின்னை யாரு பாப்பாங்க?"

"ஒருத்தன் வருவான்."

"யாரு?"

போனை வைத்துவிட்டார். மசோதா கமிட்டியிலேயே செத்தது. நாங்கள் மூன்று மாதம் பேசவில்லை.

மே மாதம் பக்கத்துப் பண்ணை லைல் பிரெக்கியின் மனைவி டோரீன் இறந்தபோது ஊருக்குப் போனேன். நானும் அப்பாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார். அப்படியே பேச ஆரம்பித்துவிட்டோம். மசோதாவைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை.

அப்பாவை அடக்கம் செய்தது திங்கட்கிழமை. சர்ச் அடித்தளத்தில் ஹாம் சாண்ட்விச், ஜெல்லி சாலட், நாற்பது பேருக்குச் சமைத்ததை நூறு பேர் சாப்பிட்டார்கள். சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் லைலும் ஒருவர். கோட்டு அவருக்குத் தொளதொளவென்று இருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு காபி எடுக்கப் போய்விட்டேன்.

இன்று காலை பத்து மணிக்கு லைல் வந்தார். பூட்ஸைக் கழற்றவில்லை, சமையலறை வாசலிலேயே நின்றார்.

"சாப்பாட்டுக்குக் குறைச்சல் இருக்காதே, மாரிட். ஊரே கேசரோலாச் சமைச்சுக் கொண்டாந்து கொட்டியிருக்குமே."

"ஃப்ரீஸர் மூட மாட்டேங்குது. ரெண்டு எடுத்துட்டுப் போங்க, லைல்."

"எங்கிட்டயே மே மாசத்துது இருக்கு." கண்கள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் போயின. "உங்கப்பன்கிட்ட என் போல்ட் இருக்கு. செப்டம்பர்ல, அறுவடை முடிஞ்ச கையோட வாங்கிட்டுப் போனான். நாளன்னிக்கு சீசன் ஆரம்பம்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது அது யாருடையது என்று. என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் கன்னத்தில் மூன்று நாள் தாடி. சட்டைப் பொத்தான் ஒன்று ஓட்டை மாறிப் போட்டிருந்தது. அது துக்கமா, ஆபத்தா? எங்கள் ஆய்வகத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எல்லை எழுதியிருக்கும். அதற்கு மேல் போனால் சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரமாக வைத்துவிடுவோம். இங்கே எனக்கு எல்லை தெரியாது.

"உட்காருங்க லைல். காபி போடறேன்."

"காபி வேண்டாம். போல்ட்டைக் குடு."

"இன்னும் அளக்கலை."

"என்னது?"

"இடைவெளி. அளக்கற கேஜ் ஸ்போக்கேன்லேர்ந்து வரணும்."

லைல் தொப்பியைக் கழற்றினார். பிறகு சிரித்தார். பல் மட்டும்தான் சிரித்தது.

"உங்கப்பன் பொய் சொன்னாலும் ஒரு களை இருக்கும். நீ சொல்றப்ப கஸ்டமர் சர்வீஸ்ல பேசற மாதிரி இருக்கு."

"தெரியும்."

"ஹெலினாவுக்குப் போய் என்ன பேசினான் தெரியுமில்ல? ஒருத்தன் சம்மதமில்லாம அவன் துப்பாக்கியைத் தொடக் கூடாதுன்னான். நான் டிவியில பாத்தேன். கை தட்டினேன்."

"நீங்களாத்தானே குடுத்தீங்க, லைல்."

"அவன்கிட்ட குடுத்தேன்." குரல் உயரவில்லை. "உன்கிட்ட குடுக்கலை."

அவர் சொன்னது சரி. பிப்ரவரியில் நான் எழுதிய ஒரு பக்கத்தில் இதற்கும் இடம் இருந்தது. நீதிபதி கையெழுத்துப் போட்டால், என் முகம் யாருக்கும் பிடிக்க வேண்டியதில்லை. அந்தக் காகிதம் மொன்டானாவில் இல்லை. அப்பாவும் இல்லை. மிச்சம் நானும் காபி டின்னும்.

"இன்னிக்குத் தர மாட்டேன்" என்றேன்.

"அது என் சொத்து. ஷெரிஃபைக் கூப்பிடலாம்."

"கூப்பிடுங்க."

அவர் கூப்பிடவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆண்டர்ஸ் போனப்ப நானும் உங்கப்பனும்தான் அந்தக் களஞ்சியத்தைக் கழுவினோம். அதை அவன் சொல்லியிருக்க மாட்டான். நீ எழுதி அனுப்பின பேப்பர்ல அது இல்லை." தொப்பியை மாட்டிக்கொண்டார். "கேஜ் வந்தாச் சொல்லு."

வண்டி சரளைக் கல்லில் ஏறிப் போகும் சத்தம் முழுதும் அடங்கும்வரை நின்றுகொண்டிருந்தேன். பிறகு அவருடைய மகள் ஜூனுக்குப் போன் செய்தேன். அவள் பில்லிங்ஸில் நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து தூங்கிக்கொண்டிருப்பாள். செய்தி விட்டேன். லைலிடம் இருந்த ஷாட்கன்னைப் போன மாதமே அவள் கணவன் எடுத்துப் போய்விட்டதாக அப்பா ஒருமுறை சொல்லியிருந்தார். அந்தப் பேச்சு எதற்கு என்று அன்று நான் கேட்கவில்லை.

டின்னைத் திறந்தேன். போல்ட்டைத் துணியிலிருந்து எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நன்றாகத் துடைத்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை, நான் குழலுக்குத் துணி விட்டுக்கொண்டிருந்தபோது அவர் எண்ணெய் போட்டது இதற்கும் சேர்த்துத்தான்.

டின்னை மறுபடி மேலே வைக்கும்போது, பெட்டிக் கதவில் காந்தம் வைத்து மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். உரக் கம்பெனி காலண்டர். அக்டோபரில் மூன்று குறிப்பு மட்டும். முதல் ஞாயிறு: மாரிட் வருகிறாள். எட்டாம் தேதி: பல் டாக்டர். மூன்றாவது இந்தச் சனிக்கிழமை, சீசனின் முதல் நாள். பென்சிலில், கட்டை எழுத்தில்: லைல், 2 மணி.

ஐம்பது வருடத்தில் அப்பா சீசனின் முதல் நாளைத் தவறவிட்டதில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த வருடம்கூட, விடிகாலை போய்விட்டு ஒன்பதுக்குத் திரும்பினார். லைலிடம் போல்ட்டைக் கொடுக்க நினைத்திருந்தால், காலை ஐந்து மணி என்று எழுதியிருப்பார். இருவரும் சேர்ந்தே கிளம்பியிருப்பார்கள். இரண்டு மணி என்றால் மான் இல்லை, சீட்டாட்டம். ஊரில் எல்லா ஆண்களும் வேட்டைக்குப் போயிருக்கும் நாளில், சுவரில் வெறும் கம்பு தொங்குகிற வீட்டில் போய் உட்கார வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார். அதாவது, எழுதிய அன்று, கொடுப்பதாக இல்லை.

என்றைக்கு எழுதினார் என்று தெரியாது. மூன்று வாரத்துக்கு முந்தைய அளவை வைத்து இன்று யாரும் முடிவெடுக்க மாட்டார்கள். என்னிடம் இருப்பது அந்த ஒன்றுதான்.

மேலதிகாரியைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை வரவில்லை, திங்கட்கிழமையும் தெரியாது என்றேன். கிரிபேஜ் பலகை அப்பாவின் பிக்கப்பில், இருக்கைக்கு அடியில் இருந்தது. குச்சிகளில் ஒன்றைக் காணோம். அதற்குப் பதிலாக ஒரு தீக்குச்சியை வைத்திருந்தார்.

தண்ணீர் குடிக்க எழுந்திருக்க வேண்டும். நாயின் தட்டைப் பார்க்க வேண்டும். மூன்று ஆட்டம். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இன்று வியாழன்.