டவரைப் பார்த்துப் போட்ட பந்து

கழுகுமலையிலிருந்து கோவில்பட்டி திரும்பும் பஸ்ஸில்தான் அது தோன்றியது. ஆடி மாதம். ஜன்னல் வழியே மேல்காற்று கரிசல் புழுதியை அள்ளி முகத்தில் போட்டுக்கொண்டிருந்தது. கையில் போன். எங்கள் கிளப் பெண் இந்திய இளையோர் அணிக்காக வெளிநாடு போய் ஆடிய கூடைப்பந்து ஆட்டம் அதில் ஓடியது. எத்தனையாவது தடவையாகப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரியாது. புழுதி தாங்காமல் ஷட்டரை இழுத்துச் சாத்தினேன். காற்று சட்டென்று நின்றது. அந்த நேரம் பார்த்துத் திரையில் அவள் ஃப்ரீ த்ரோ போட்டாள். யாரும் மறிக்காமல், நின்று நிதானமாகப் போடுகிற பந்து. வளையத்தின் இடது விளிம்பில் பட்டு வெளியே போனது. வீடியோவைப் பின்னால் தள்ளினேன். முந்தைய பந்தும் இடது.

"காத்து!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"அதான் சாத்தியாச்சுல்லா? பொறகென்ன?" என்றார் பக்கத்திலிருந்த அம்மா.

அவருக்கு என்ன சொல்ல? ஹாக்கிக்குப் பேர் வாங்கிய ஊரில் கூடைப்பந்து ஆடுகிறவர்கள் நாங்கள் கொஞ்சம் பேர். ஊருக்கு வெளியே, நாலு பக்கமும் பொட்டலாகக் கிடக்கிற ஒரு மைதானம். தெற்கு வளையத்தில் பையன்கள் தொங்கித் தொங்கி அது மூஞ்சியைத் தொங்கப்போட்டுவிட்டதால் எல்லாரும் வடக்கு வளையத்தில்தான் போடுவோம். மேல்காற்றுக் காலத்தில் நேராக எறிகிற பந்து வலப்பக்கம் ஓடிவிடும். அதற்கு எங்களிடம் ஒரு கைவைத்தியம் உண்டு. வளையத்துக்கு இடப்பக்கம் தூரத்தில் ஒரு செல்போன் டவர் தெரியும். "டவருக்குப் போடுட்டி" என்போம். டவரைப் பார்த்து எறிந்தால் காற்று அதைக் கொண்டுபோய் வளையத்தில் சேர்த்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். அவளும் அப்படித்தான் கற்றுக்கொண்டாள்.

வெளிநாட்டில் அவள் ஆடிய அந்த மூடிய அரங்கத்தில் காற்றும் இல்லை, டவரும் இல்லை. அவள் டவருக்குத்தான் போட்டிருக்கிறாள்!

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அண்ணாச்சியின் அலுவலகத்துக்கு ஓடினேன். அவர் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, எங்கள் கிளப்பின் செயலாளர். சென்னையில் விளையாட்டு விடுதி நடத்தும் பயிற்சியாளர் ஒருவர் அவளைச் சேர்த்துக்கொள்வதாக இருந்தார். இந்த ஆட்டங்களைப் பார்த்த பிறகு அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 'உங்க கிளப் பொண்ணு நெசமாவே ஷூட்டர்தானா? ஆவணி பொறக்கதுக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க' என்று அண்ணாச்சியிடமே கேட்டுவிட்டார். அண்ணாச்சி அந்தக் கேள்வியை என் தலையில் இறக்கி வைத்தார். உலகத்தில் எந்த மூலையில் இளையோர் போட்டி நடந்தாலும் நெட்டில் பார்த்துவிட்டு, இவன் தேறுவான், அவன் தேறமாட்டான் என்று அளந்துகொண்டிருப்பவள் நான். விடுதி இல்லையென்றால் அவள் அப்பா நர்ஸிங்கில் சேர்த்துவிடுவார். நாகலாபுரத்துக்காரர், மானாவாரி விவசாயி. மழைக்கும் காத்திருந்து, மகள் பந்துக்கும் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு கேட்டார்:

"அப்போ வெளிநாடு போறதுக்கு முன்னால கேம்புன்னு கூட்டிட்டுப் போனாவல்லா, அங்கன மூடுன கிரவுண்டுதான? அங்கன சரியாயிருக்காதா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. "ஆயிருக்கணும் அண்ணாச்சி."

"ஆகலங்கியா?"

"தெரியலயே."

"என்னட்டி, ஓடி வந்த வேகத்துக்குப் பதிலோட வந்திருப்பன்னு நெனச்சேன். கேள்வியத் தூக்கிட்டு வந்திருக்க."

வீட்டுக்கு வந்து மறுபடி எல்லா ஆட்டத்தையும் பார்த்தேன். இந்த முறை என் கண்டுபிடிப்பே என்னைக் கேலி செய்தது. தூரத்திலிருந்து போட்ட ஒன்று வலது பக்கம் போயிருந்தது. இன்னொன்று வளையத்தைத் தொடாமலே விழுந்தது. கடைசி ஆட்டத்தில் ஒரு பந்து நேராக, வலை மட்டும் அசைய, உள்ளே போனது. அதை எந்தக் காற்றில் சேர்ப்பது?

பஸ்ஸில் அவ்வளவு தெளிவாக இருந்தது இப்போது கலங்கல் தண்ணீர். அதைவிட மோசம், நான் ஏற்கெனவே தீர்ப்பு சொன்னவர்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வரத் தொடங்கினார்கள். ஏதோ ஒரு நாட்டின் ஒல்லிப் பையன், ஒரே போட்டியில் பந்தைத் திரும்பத் திரும்பப் பறிகொடுத்தான். 'இவனுக்குக் கை இல்லை' என்று அன்றைக்கே நெட்டில் எழுதிப் போட்டேன். அவன் ஊர் மைதானம் எப்படி இருக்கும், அங்கே என்ன காற்று அடிக்கும், எனக்கு என்ன தெரியும்? முகம் தெரியாதவர்களை ஒரு வாரத்து ஆட்டத்தில் எடைபோட முடிந்த எனக்கு, நாலு வருஷமாக என்னோடு ஆடுகிறவளை எடைபோட முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் மைதானத்தில் அவளிடமே கேட்டேன். வடக்கு வளையத்தில் வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். காற்று அவள் சடையைக் கிழக்கே இழுத்தது. ஒவ்வொரு பந்தும் டவரை நோக்கிக் கிளம்பி, பாதி வழியில் மனம் மாறி, வளையத்தில் விழுந்தது.

"அங்கன ஏம்ட்டி எல்லாம் இடது பக்கம் போச்சு?"

"எல்லாம் போகலயேக்கா. நீங்க வேற."

"போனதச் சொல்லுதேன்."

பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு யோசித்தாள். "அங்கன டவரே இல்லக்கா. எங்க பாக்கன்னே தெரியல."

"அதான! நான் நெனச்சேம்லா!"

"பயமாவும் இருந்துச்சு," என்றாள் உடனே. "எதிர நின்னவ என்னையவிட ஒரு சாண் உசரம்."

"பயமா, டவரா? ஏதாவது ஒண்ணச் சொல்லு."

"ஒண்ணுதான் இருக்கணுமாக்கா?" பந்தைத் தரையில் ஒரு தட்டு தட்டினாள். "அண்ணாச்சிட்ட என்ன சொல்லப் போறீய?"

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு "தெரியல" என்று சொல்ல முடியவில்லை. "சொல்லுதேன்" என்றேன், எதை என்று தெரியாமல்.

காற்றில்லாத இடம் ஒன்று வேண்டும். அவளை அங்கே நிறுத்திப் போட வைக்க வேண்டும். எங்கள் பக்கம் கூரை போட்ட கூடைப்பந்து மைதானம் இல்லை. யோசித்துக்கொண்டே போகிற வழியில் கல்யாண மண்டபம் பூட்டிக் கிடந்தது. வாசலில் வாழைமரம் இல்லை, ரேடியோ செட் இல்லை. ஆடி மாதம்! ஒரு முகூர்த்தமும் கிடையாது. அண்ணாச்சிதான் அதற்கும் செயலாளர்.

"மண்டபத்துல பந்தா?" அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். "பொண்ணு மாப்பிள்ள ஒக்காருத எடம்ட்டி அது."

"மேடையத் தொடமாட்டோம் அண்ணாச்சி. மாடி கைப்பிடியில ரிங்கைக் கட்டிக்கிடுதோம்."

"கண்ணாடி லைட்டு ஒடஞ்சா?"

"அந்தப் பக்கமே எறிய மாட்டா."

"அவ எந்தப் பக்கம் எறிவான்னுதான் யாருக்கும் தெரியலயே!" சிரித்துவிட்டார். பிறகு மேசை டிராயரைத் திறந்து சாவியை எடுத்தார். "ஞாயித்துக்கெழம காலையில. அந்தப் பயிற்சியாளர்ட்ட நான் சொல்லப் போறது அங்கன பாத்ததத்தான். நல்லதோ கெட்டதோ."

தெற்கு வளையத்தைக் கழற்றிப் பட்டறையில் கொடுத்திருக்கிறேன், நிமிர்த்தித் தருவார்கள். பந்து இடது பக்கம் போனால் டவர்தான் காரணம், பழக்கத்தை மாற்றிவிடலாம் என்று சொல்லலாம். நேராகப் போனால் அவள் நல்ல ஷூட்டர் என்று சொல்லலாம். ஆனால் அப்புறம் வெளிநாட்டில் ஏன் உள்ளே போகவில்லை என்று பயிற்சியாளர் கேட்பார். எது நடக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன் என்பதுகூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சீக்கிரமே போய் ஜன்னல்களைச் சாத்த வேண்டும். மின்விசிறிகளையும் நிறுத்திவிட வேண்டும். அவளிடம் எங்கே பார்க்கச் சொல்வது என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. ஒன்றும் சொல்லாமல் பந்தை மட்டும் கையில் கொடுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.