பள்ளிக்கரணையில் ஒரு நாமம்

ஒரு வாத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதப்போய், நல்ல சிநேகிதர் ஒருவரை இழக்க இருந்தேன்.

மார்கழி வந்தால் மயிலாப்பூரே சபா சபாவாக அலையும். நான் மட்டும் கேமராவைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கரணை ஏரிக்குப் போய்விடுவேன். குளிருக்குப் பயந்து வடதேசத்திலிருந்து வந்து இறங்கும் வாத்துகளில் ஒன்றுக்கு ‘நாமத்தலை வாத்து’ என்று பெயர். செம்பழுப்புத் தலை, நெற்றி நடுவே பளிச்சென்று ஒரு மஞ்சள் பட்டை. பெயர் நான் வைத்ததில்லை, பறவைப் புத்தகத்தில் இருப்பது. நான் எழுதியதெல்லாம், ‘நாமம் போட்டவர் சேற்றில் மேய்கிறார்’ என்று ஒரே ஒரு வரி.

அது போதாதா?

என்னோடு தினமும் பார்க்கில் நடக்கும் வரதன் போன் செய்தார். ரிட்டயரானவர், வடகலை ஐயங்கார். நெற்றியில் நாமம் இல்லாமல் பால் பாக்கெட் எடுக்கக்கூட வாசலுக்கு வரமாட்டார்.

“நாமம்னா உமக்கு அத்தனை எளப்பமாப் போச்சா ஓய்? வாத்துக்கு ஏது நாமம்? கேலி பண்ணணும்னே கதை கட்டியிருக்கீர்.”

மறுநாள் பார்க்கில் எதிர்த்திசையில் நடக்க ஆரம்பித்துவிட்டார். வட்டப் பாதை... ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை முகத்துக்கு முகம் வந்தாக வேண்டும். இரண்டு தடவையும் இருவரும் வானத்தைப் பார்த்தோம். வெளியே சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாக இருந்தது.

மூன்றாவது சுற்றில் வழிமறித்தேன். “நேரில் வந்து பாருங்கள். நாமம் இல்லையென்றால் பத்திரிகையிலேயே மன்னிப்புக் கேட்கிறேன்.”

ஞாயிறு விடிந்ததும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். ஏரிக்கரையில் எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் என் லென்ஸைப் பார்த்தார்.

“இன்னா நைனா, கொக்கு சுட வந்தியா?”

“இல்லைங்க, வாத்தைப் போட்டோ எடுக்க.”

“அத்த எடுத்து இன்னா பண்ணப் போற?”

என் மனைவியும் இதையேதான் கேட்கிறாள்.

ஊசிவால் வாத்து வந்தது. நாமக்கோழி வந்தது. நம்மவரைக் காணோம். “நாமக்கோழின்னும் ஒண்ணா? பேர் வெச்சவன் கையில கெடைக்கட்டும்” என்று வரதன் கோரைப் புல்லைப் பார்த்துப் பொருமினார். மன்னிப்பின் முதல் வாக்கியத்தை நான் மனசுக்குள் எழுதத் தொடங்கினேன்.

அப்போதுதான் கோரைக்குப் பின்னாலிருந்து அது மெல்ல மிதந்து வந்தது. பைனாகுலரை அவர் கையில் திணித்தேன். திருகைத் திருகித் திருகிப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்:

“ஏளறார் ஓய்.”

பெருமாள் புறப்பாட்டின்போது அவர்கள் சொல்லும் வார்த்தை அது — எழுந்தருளுகிறார்! வாத்து ‘அவர்’ ஆகிவிட்டது.

“நடுவுல மஞ்சள் ஸ்ரீசூர்ணம் பார்த்தீரா? எங்க கலைதான். வடகலை.”

கிளிக்கினேன். படமும் விழுந்தது, சிநேகமும் திரும்பியது. வழியெல்லாம் பின்சீட்டிலிருந்து அந்த வாத்தின் ஆசாரத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். புல்லும் பாசியும்தான் ஆகாரமாம், மீனைத் தொடாதாம். சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். தி.நகர் ஸ்டூடியோவிலிருந்து பிரிண்ட் வந்தது. கொடுக்கப் போன என் எதிரிலேயே வரதன் அதை, வீட்டுக்கு வந்திருந்த தன் சம்பந்தியிடம் காட்டிவிட்டார். சம்பந்தி திருவல்லிக்கேணி. தென்கலை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“கோடு அலகு வரைக்கும் எறங்கறதே, ஸ்வாமி. பாதம் வெச்ச நாமம்னா தென்கலையாச்சே.”

“கலரைப் பாரும். மஞ்சள்.”

“பாதத்தைப் பாரும்.”

கோயில் யானையின் நெற்றியில் எந்த நாமம் என்பதற்கே கோர்ட்டுப் படி ஏறிய நாடு இது. வாத்து எம்மாத்திரம்? குரல் ஏறியது. காபி ஆறியது. உள்ளேயிருந்து வரதனின் மாட்டுப்பெண் எட்டிப் பார்த்தாள் — அப்பா ஒரு பக்கம், மாமனார் ஒரு பக்கம்.

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒன்றைச் சொன்னால் வரதன் போய்விடுவார். இன்னொன்றைச் சொன்னால் அந்தப் பெண் இரண்டு வீட்டுக்கும் நடுவே திண்டாடுவாள்.

“எடுத்தவர் நீர்தானே? நீரே சொல்லும் ஓய். இது எந்தக் கலை?”

“புகைப்படக் கலை” என்றேன்.

சம்பந்திகள் ஒன்று சேர்ந்துவிட்டார்கள் — என்னைத் திட்ட.