களி இல்லாத டிரெய்னிங்குக்கு ஆள் பிடித்த கதை

இன்று காலை அரூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு வேன்...

'இலவசத் தொழிற்பயிற்சி, தங்குமிடம், மூன்று வேளை உணவு' என்று மைக்கில் கூவிக்கொண்டிருந்தார்கள். பையன்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

(தொண்ணூறைத் தாண்டியவனுக்கு ஃபேஸ்புக் பதிவு ஒரு கேடா என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம். எனக்குக் காதும் சரியாகக் கேட்காது.)

இதே மாதிரி என்னையும் ஒருத்தர் பிடிக்க வந்தார். வெள்ளைக்காரன் காலம், உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. தொழிற்சாலைகளுக்கு ஆள் போதாமல், ஏழைப் பையன்களுக்கு ஃபிட்டர், டர்னர் வேலை கற்றுக்கொடுக்கச் சேலத்தில் ஒரு பயிற்சி நிலையம் திறந்திருந்தார்கள். அதற்கு ஆள் சேர்க்க ஓர் ஆபீசர் எங்கள் சித்தேரி மலைக்கு ஏறி வந்தார்.

பட்டணத்து மனிதர், காக்கிக் கால்சட்டை. ஏறி வந்ததில் அவருக்கு மூச்சிரைத்தது.

மூச்சு வந்ததும் முதலில் சொன்னது இதுதான்:

"மூணு வேளையும் அரிசிச் சோறு போடுவோம்."

அவ்வளவுதான். ஊரே எழுந்து போய்விட்டது!

பாவம், அவருக்குப் புரியவில்லை. எங்கள் மலையில் அரிசிச் சோறு என்பது நோம்பி, பண்டிகைக்கும் சாவுக்கும்தான். மற்ற நாளெல்லாம் கேழ்வரகுக் களி, இல்லாவிட்டால் சாமைச் சோறு. காரணமே இல்லாமல் ஒருத்தன் தினமும் அரிசி போடுகிறான் என்றால், வெட்டப்போகிற கெடாவுக்குத் தழை காட்டுகிற வேலைதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். சண்டைக்குத்தான் பிடித்துப் போகிறார்கள் என்று பையன்கள் காட்டுக்குள் பதுங்கினார்கள்.

நான் மட்டும் பதுங்கவில்லை. எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. அடுத்தவர் மாட்டை ஓட்டிக்கொண்டு திரிந்தவன் நான். பொம்மிடி ஸ்டேஷனில் ரயில் எஞ்சினைக் கிட்டத்தில் பார்த்ததிலிருந்து, இரும்பு வேலைக்குப் போக வேண்டும் என்று பைத்தியமாக இருந்தேன். இந்த ஆபீசர் போய்விட்டால் இன்னொருத்தர் எனக்காக மலை ஏறப்போவதில்லை.

அவருக்கும் என்னை விட்டால் ஆள் இல்லை. வெறுங்கையோடு திரும்பினால் மேலதிகாரி தொலைத்துவிடுவாராம்.

குறுக்கே நின்றது என் அம்மா. ஆத்தா என்றுதான் கூப்பிடுவேன். சண்டையைப் பற்றியோ வெள்ளைக்காரனைப் பற்றியோ அவள் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அங்க களி கிண்டறது ஆருங்க?"

ஆபீசர் கையிலிருந்த காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். அப்படி யாரும் இல்லை என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தார்.

"அரிசியத் தின்னுப்புட்டு எம்பையன் எப்படிங்க இரும்பத் தூக்குவான்? நான் அனுப்ப மாட்டனுங்க."

நான் அழுதேன். (வெட்கப்பட என்ன இருக்கிறது, உண்மையாகவே அழுதேன்.) ஆபீசரும் கிட்டத்தட்ட அந்த நிலையில்தான் இருந்தார். கடைசியில் ஆத்தாவே ஒரு வழி சொன்னாள். தானும் கூட வந்து, அங்கே இருக்கிற சமையல்காரருக்குக் களி கிண்டக் காட்டிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பிவிடுவாள்.

மாவு மூட்டையோடும், களி கிண்டுகிற நீளத் துடுப்போடும் பஸ் ஏறினாள். அந்தக் கட்டையைப் பார்த்த கண்டக்டர், மூட்டைக்கு லக்கேஜ் சார்ஜே கேட்கவில்லை!

சேலத்தில் டாக்டர் என்னை எடை போட்டார். எடை போதாது, உடம்பைத் தேற்றிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார். எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது.

அதற்குள் சமையற்கட்டில் ஆத்தா களி கிண்டி உருட்டி வைத்துவிட்டாள். கூடவே கொள்ளுக் கடைசல். அங்கே இருந்த பையன்களில் பாதிப் பேர் பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துக்காரர்கள். களியைக் கண்டு எத்தனை நாளாயிற்றோ, சட்டியை வழித்துத் தின்றார்கள். மறுநாள் ஆத்தா மூட்டையைக் கட்டியதும், இந்த அம்மா போனால் நாங்களும் போகிறோம் என்று மொத்தப் பேரும் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒவ்வொருத்தனையும் கெஞ்சிக் கூட்டி வந்த ஆபீசருக்கு வியர்த்துக் கொட்டியது. ஆத்தாவுக்கு அங்கேயே சமையல் வேலை போட்டுக் கொடுத்தார்.

ஆக, எங்கள் மலையிலிருந்து முதலில் சேர்ந்தது ஆத்தா! நான் அவளுக்கு எடுபிடி. விறகு பிளந்தேன், தண்ணீர் இறைத்தேன், களி தின்றேன். பட்டறையில் மற்றவர்கள் அரம் ராவுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

ஒருவழியாக உடம்பு தேறியது. டாக்டர் மறுபடியும் எடை பார்த்துச் சரி சொன்னார். ஆபீசர் முகமெல்லாம் சிரிப்பாகச் சமையற்கட்டுக்கே ஓடி வந்தார்.

"உங்க பையன நாளையிலேர்ந்து பட்டறைக்கு எடுத்துக்கறோம்மா."

ஆத்தா கிண்டுவதை நிறுத்தவே இல்லை.

"எடுத்துக்கங்க. அதுக்கு முன்னால, வெறகு பொளக்க மலையிலருந்து வேற ஒரு ஆளப் புடிச்சாந்து வுட்டுருங்க."

ஆபீசர் அன்றைக்கே மறுபடியும் மலையேறினார்.