பொய் சொல்லத் தெரியாத நோயாளி

சென்ற ஆண்டு எங்கள் செவிலியர் கல்லூரிக்கு ஒரு நோயாளியை விலை கொடுத்து வாங்கினார்கள். அவளுக்குக் கட்டில் வேண்டாம், துணைக்கு ஆள் வேண்டாம். கணினித் திரையில் உட்கார்ந்திருப்பாள். மாணவிகள் தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்வாள். எல்லாம் செயற்கை நுண்ணறிவு. கேள்வி சரியாக இருந்தால் மதிப்பெண்ணும் அதுவே போட்டுவிடும். இத்தனை வருடமாக வார்டில் பாடம் சொல்லித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த எனக்கு இனி வேலை மிச்சம் என்றார் முதல்வர். அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனாலும் குறை சொல்லக் கூடாது. நோயாளி முன்னால் நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் பெண்கள்கூடப் பயமில்லாமல் பேசப் பழகினார்கள்.

"மாத்திர ஒழுங்கா போட்டீங்களா?"

"இல்லம்மா, ரெண்டு வேள மறந்துட்டேன்."

திரையில் இருந்தவள் எதையும் ஒளிக்க மாட்டாள். அப்படி ஒரு நோயாளியை நான் புதுச்சேரியில் பார்த்ததே இல்லை.

இந்தப் பயிற்சியில் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்திதான் எப்போதும் முதல். டிபன் டப்பாவும் கையுமாக முதல் பஸ்ஸில் வந்து, கணினி அறை திறக்கக் காத்திருப்பாள். வார்டுக்கு அவளை அனுப்பியபோது எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

அவளுக்குக் கிடைத்த நோயாளி நோணாங்குப்பம் பக்கத்தில் மீன் விற்கும் ஓர் அம்மா. சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். வெறும் வயிற்றில் இன்சுலின் ஆபத்து, அதனால் காலையில் போடும் முன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்க வேண்டும். கேட்டாள்.

"சாப்டீங்களாம்மா?"

"ஆச்சு பாப்பா."

பக்கத்தில் நின்ற ஸ்டாஃப் நர்ஸும் தலையசைத்தார். ஊசி போட்டாயிற்று.

நம் ஊரில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் ஏது? வயிறு காய்ந்தாலும் ஆச்சு என்றுதான் சொல்வோம். இல்லை என்றால் கேட்டவருக்குச் சிரமம் கொடுத்ததாகிவிடுமே என்ற கூச்சம். அந்த அம்மாவின் மகள் இட்லியோடு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். அதுவரை அவர் குடித்தது சர்க்கரை போடாத டீ மட்டும்.

நான் அந்தப் பக்கம் போனபோது அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. ரத்தத்தில் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கியிருந்தது. ஓடி வந்து குளுக்கோஸ் ஏற்றினோம். அவர் கண்ணைத் திறந்து மகளைக் கேட்கும் வரை எனக்கு உயிரே இல்லை. மாணவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று மதியம் முதல்வர் அறையில் விசாரணை. மென்பொருள் கம்பெனிக்காரரையும் வீடியோவில் கூப்பிட்டிருந்தார்கள். கேட்க வேண்டியதை மாணவி சரியாகத்தான் கேட்டிருக்கிறாள், தங்கள் கணக்கில் முழு மதிப்பெண் என்றார் அவர். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஒங்க பேஷண்டுக்குப் பொய் சொல்லத் தெரியல சார். மொதல்ல அதக் கத்துக்குடுங்க."

அவர் சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.

மாணவியை எச்சரித்து விட்டுவிட்டார்கள். அவள்தான் தன்னை விடவில்லை.

"நான் நின்னுட்றேன் மேடம். இனிமே யாரு என்ன சொன்னாலும் எப்பிடி நம்புறது? எனக்கு இந்தப் படிப்பு வேணாம்."

நல்ல பெண்ணை இழக்கப் போகிறோம் என்று வருத்தமாக இருந்தது. போவதற்கு முன்னால் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டுப் போ என்று மட்டும் சொன்னேன். மறுநாள் மதியம் நானும் கூடப் போனேன்.

அந்த அம்மா சாய்ந்து உட்கார்ந்து, மகள் கொண்டுவந்த டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். மாணவி கட்டிலருகே போய் நின்றாள். அந்த அம்மாதான் முதலில் பேசினார்.

"சாப்டியா பாப்பா?"

"ஆச்சும்மா."

முந்தின நாளிலிருந்து அவள் தன் டப்பாவைத் தொடவில்லை. அது எனக்குத் தெரியும். அந்த அம்மா அவள் முகத்தையே பார்த்தார்.

"நானுந்தான் அப்பிடி சொன்னேன். உக்காரு."

புண் இருந்த காலை மெல்ல நகர்த்தி அவளுக்கு இடம் விட்டு, தன் டப்பாவை நீட்டினார். மாணவி அழுதுகொண்டே சாப்பிட்டாள். இரண்டு பேரும் மன்னிப்பு என்ற பேச்சையே எடுக்கவில்லை.

அடுத்த நாள் காலை, இன்சுலின் நேரத்துக்கு அவள் வார்டில் நின்றாள். சாப்பிட்டீர்களா என்று அந்த அம்மாவிடம் கேட்கவில்லை.

"டப்பாவத் தொறந்து காட்டுங்கம்மா," என்றாள்.