நான் திருத்திப் பாடிய பிரெஞ்சுப் பாட்டு

கேசரியின் நெய் மணமும், பட்டுப்புடவையில் ஒட்டியிருந்த பாச்சை உருண்டை நெடியும்... நாகல் நகர் வீட்டில் என்னைப் பெண் பார்க்க வந்த அந்த மாலை இன்னும் அப்படித்தான் மூக்கில் ஏறுகிறது, நண்பர்களே.

மாப்பிள்ளை வீட்டார் ஒட்டன்சத்திரத்துக்காரர்கள். மாப்பிள்ளை வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றும்போதே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இது அமைந்துவிட வேண்டுமென்று உள்ளூர வேண்டிக்கொண்டேன்.

"ஒரு பாட்டுப் பாடு கண்ணு," என்றார் அவருடைய அம்மா.

வெள்ளிக்கிழமைதோறும் பாடும் அம்மன் பாட்டையே பாடியிருக்கலாம். ஆனால் அப்போது நான் காந்திகிராமத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துவந்தேன். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் படிக்க வந்திருந்த ஒரு பிரெஞ்சுப் பெண் ஊர் திரும்பும்போது எனக்கொரு கேசட் தந்துவிட்டுப் போயிருந்தாள். அதிலிருந்த ஒரு பாட்டு எனக்கு மனப்பாடம். பொருள் தெரியாது. அமைப்பு மட்டும் தெரியும். கேட்டுக் கேட்டு நானே கண்டுகொண்டது.

நம் பாட்டில் பல்லவி முன்னால் வரும். அதிலோ மூன்று சரணங்கள். ஒவ்வொன்றும் சுற்றிவந்து ஒரே அடியில் முடியும். மூன்றாவதில் மட்டும் அந்த அடி மாறும், பாடகியின் குரலும் தாழும். அதைப் பாடகியின் பிழையென்று தீர்மானித்து, மூன்றும் ஒன்றுபோல் வருமாறு திருத்தி வைத்திருந்தேன்.

சபைக்கு ஒரு சிறு விளக்கவுரை ஆற்றிவிட்டுப் பாடினேன்.

"சாமி பாட்டா கண்ணு?"

"இயற்கையின் பேரழகைப் போற்றும் பாடல்," என்றேன்.

மாப்பிள்ளையின் அண்ணி பாண்டிச்சேரிப் பெண். பள்ளியில் பிரெஞ்சு படித்தவர். எனக்கு யாரும் சொல்லவில்லை.

"இயற்கையா! அத்தை, பாட்டுல அவள அவன் விட்டுட்டுப் போயிட்டானாம். உன் சட்டைய இன்னும் தொவைக்கலன்னு கட்டிப் புடிச்சிக்கிட்டுத் தூங்குறா. தொவைச்சா அவன் வாசம் போயிருமாம். மூணு தடவ சொல்றா, தொவைக்கலன்னு!"

கூடமே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். அவருடைய அம்மா மட்டும் சிரிக்கவில்லை... புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு எழுந்தார்.

"ஊருக்குப் போயித் தகவல் சொல்றோமுங்க."

தகவல் வரவேயில்லை.

"பாட ஒனக்கு ஊரான் சட்டதான் கெடச்சுச்சாக்கும்! மாரியாத்தா பாட்டப் பாடியிருந்தா இந்நேரம் பரிசம் போட்டுருப்பாக," என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகு வேறிடத்தில் கல்யாணமாகி, மகளும் வளர்ந்துவிட்டாள். இப்போது நான் கைபேசியில் பிரெஞ்சு கற்கிறேன். வழக்கம்போல ஆசிரியர் இல்லாமல். சென்ற வாரம் யூடியூபில் அந்தப் பாட்டு அகப்பட்டது. மூன்றாம் சரணம் இப்படி முடிகிறது: உன் சட்டையை இன்று துவைத்துவிட்டேன்.

அந்த ஓர் அடிக்காகத்தான் முதலிரண்டு சரணங்களும் அங்கேயே வந்து நின்றிருக்கின்றன. அதைத்தான் பிழையென்று நீக்கிவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து நிமிர்ந்து பார்த்திருக்கிறேன். அன்று சிரித்தவர்கள்கூட முழுப் பாட்டைக் கேட்கவில்லை.

என் மகளைப் பார்க்க வந்தவர்கள் அவளைப் பாடச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பிலேயே பேசி முடித்திருந்தார்கள். நல்லதுதான்.

நேற்று வீட்டில் யாருமில்லை. வாஷிங் மெஷின் பக்கத்தில் நின்று, திருத்தாமல் பாடிப் பார்த்தேன். மூன்றாவது முறை அந்த அடிக்கு வந்தபோது குரல் தானாகவே தாழ்ந்தது... முகம் சுட்டது.