எஸ்தர் அக்கா ஒப்புக்கொள்ளாத கலவை

எஸ்தர் அக்கா இறந்த செய்தி, காலை ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் எங்கள் தொழிற்சாலையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கும்பிடும் கைகள் வரிசையாக விழுந்தன. அவற்றுக்கு நடுவிலேயே ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் அறிவிப்பும் விழுந்தது.

அசாம் ஜாவா என்ற ஊரில் நாங்கள் பிளாஸ்டிக் மீன் பெட்டிகள் வார்க்கிறோம். நான் இயந்திரப் பிரிவு. சோதனைக்கூடம் அக்காவின் பொறுப்பு. உருகிய பிளாஸ்டிக்கில் நானோ களிமண் தூளைச் சிறிதளவு, சீராகக் கலந்தால், துகள்களைப் பற்றிக்கொண்டு படிகங்கள் உருவாகும். பெட்டி சீக்கிரம் இறுகும், உறுதியாகவும் இருக்கும். அந்த அளவைத் தேடிக் கண்டவர் அவர். முதல் பெட்டி வந்ததும் அதன்மேல் ஏறி நின்று, "பாருங்க லா, என் வெயிட்டையே தாங்குது!" என்று சிரித்தார். அவரை அறிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு இப்போதும் கேட்கும்.

சீக்கிரம் இறுகியதே வினையானது. மேலாளருக்கு இன்னும் வேகம் வேண்டியிருந்தது.

"தூள ரெட்டிப்பா போடுங்க எஸ்தர்."

"வேணாம் பாஸ். கூடப் போட்டா கட்டி கட்டியா ஒட்டிக்கும். படிகம் ஒழுங்கா வளராது. அந்தக் கட்டியிலேருந்துதான் விரிசல் விடும்."

"ஆர்டர் நிக்குது, நீங்க கிளாஸ் எடுக்குறீங்க."

மாற்றிய கலவைக்கு அக்கா கையெழுத்திட மறுத்தார். அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். தூள் இரட்டிப்பானது.

பாகான் நக்கோடா ஓமார் படகுத்துறையில், ஐஸும் மீனும் நிறைந்த பெட்டி ஒன்று தூக்கும்போதே பிளந்து, ஒரு மீனவரின் கால் முறிந்தது. விசாரணையில், "கலவை எஸ்தருடையது" என்றார் மேலாளர். அந்த மீனவரைப் போய்ப் பார்த்தவர் அக்கா மட்டும்தான்.

"என் பேரு கெட்டா கெடட்டும் தம்பி," என்றார் திரும்பி வந்து. "அந்தாளு காலை ஊன முடியாம உக்காந்திருக்காரு. இவங்க கண்ணுல அதுகூடப் படலையே."

பிறகு வேலையை விட்டார். புற்றுநோய் வந்தது. படுக்கையில் கிடந்த மாதங்களில் நிர்வாகத்திலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அடக்கத்தன்று மட்டும் மேலாளர் தேவாலயத்தில் எழுந்து, "எஸ்தர் எங்க குடும்பத்துல ஒருத்தர்," என்று தொடங்கினார்.

"போதும், உக்காருங்க," என்றார் அக்காவின் கணவர்.

அவர் உட்கார்ந்தார்.

அக்காவின் ஆன்மா இளைப்பாறட்டும் என்று எல்லாரும் ஜெபித்தார்கள். இளைப்பாறட்டும். எனக்கு அவர் விட்டுப்போனது கோபம். அது ஆறிவிடக் கூடாது என்றுதான் நான் ஜெபிக்கிறேன்.