ஹனிபா பாயின் டிஷ்

ஹனிபா பாயின் புற்றுநோய் செல்களை வளர்த்தது நான்தான். இருபத்தாறு வருடம் ஆய்வகத்தில் அதுதான் என் வேலை. அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியில் ஒரு துளி வரும். அதை டிஷ் என்கிற மூடி போட்ட சின்ன வட்டத் தட்டில் போட்டு, இரண்டு நாளுக்கொரு தரம் அதற்குச் சாப்பாடான மீடியம் திரவத்தை மாற்றி, பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாய் இங்கே சிங்கப்பூரில், லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடையில் வேலைக்கு இருந்தவர். மனைவியும் மகளும் நாகப்பட்டினத்தில். குதிகாலில் கறுப்பாக வந்ததைக் கால் ஆணி என்று நினைத்து ஒரு வருடம் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறார். தோல் புற்றுநோய். அறுத்து எடுத்தும் தொடை இடுக்கில் நெறிகட்டிவிட்டது. புது மருந்துச் சோதனைக்கான ஒப்புதல் படிவத்தைத் தமிழில் விளக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

"தங்கச்சி, கால்ல இருந்தது எப்புடிம்மா மேல ஏறுச்சு?" என்றார்.

"செல்லுக்குள்ள ஒரு சிக்னல் இருக்கு பாய். வளரு, நகருன்னு சொல்லும். வேணுங்கிறப்ப சொல்லிட்டு நின்னுடும். உங்களுக்கு நிக்காம சொல்லிக்கிட்டே இருக்கு. அதான் எடத்த விட்டுக் கெளம்பிடுது. இந்த மருந்து அந்த சிக்னல அடைக்கும்."

அவர் கையெழுத்துப் போடவில்லை. மகள் நிக்காஹ்வுக்கு டிக்கெட் எடுத்திருந்தார். சோதனையில் சேர்ந்தால் வாரா வாரம் இங்கே வர வேண்டும், ஊருக்குப் போக முடியாது. டாக்டர் முடிவை அவரிடமே விட்டுவிட்டார்.

அந்த வாரம் அவர் செல்களை வைத்து ஸ்க்ராட்ச் போட்டேன். செல் நிறைந்த டிஷ்ஷின் நடுவில் பிப்பெட் முனையால் ஒரு கோடு கீறி, செல்கள் நகர்ந்து வந்து அதை மூடுகின்றனவா என்று பார்ப்பது. மருந்து போடாத டிஷ்ஷில் மறுநாளே கோடு மூடிவிட்டது. மருந்து போட்டதில் ஒன்றுகூட அசையவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆய்வக ஆள் நோயாளியிடம் முடிவைச் சொல்லக்கூடாது. சொன்னேன்.

"இருங்க பாய். மருந்துக்குக் கேக்குது. என் கண்ணால பாத்தேன்."

"நீ சொன்னா சரிம்மா."

படிவத்தில் கையெழுத்துப் போட்டார். டிக்கெட்டை ரத்து செய்தார். நிக்காஹ்வை போனில் பார்த்தார்.

மூன்றாம் மாத ஸ்கேனில் கல்லீரல் முழுக்கப் புள்ளி. என் பாஸ் டாக்டர் ஓங்கிடம், டிஷ்ஷில் நின்றதே என்று கத்தினேன். அவர் மெதுவாகத்தான் பேசினார். டிஷ்ஷில் இருந்தது புற்றுநோய் செல் மட்டும். கல்லீரலில் அக்கம்பக்கத்து செல்கள் இருக்கின்றன. அவையும் சிக்னல் அனுப்பும். நாம் ஒரு வழியை அடைத்தால் அவை இன்னொன்றைத் திறந்து கொடுக்கும். "யூ நோ திஸ், லா," என்றார்.

தெரியும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். படித்தவள் புத்தி அன்றைக்கு எங்கே போயிற்று என்று இன்றும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு விமானம் ஏறும் நிலையில் அவர் இல்லை. ஆறு வாரத்தில் போய்விட்டார். அடக்கம் செய்த அன்று அவர் செல்களுக்கு மீடியம் மாற்றும் நாள். மாற்றினேன். அவை நன்றாகத்தான் இருந்தன.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். டிஷ்ஷில் பார்த்ததை வைத்து ஒரு மனிதருக்கு வழி சொல்லாதீர்கள்.

மறுவாரம் அவர் மனைவி கடை முதலாளியிடம் என் நம்பரை வாங்கி அழைத்தார்.

"மருமவன் மூஞ்சியக்கூட நேர்ல பாக்காம போயிட்டாரும்மா. டிக்கெட்டெல்லாம் எடுத்துட்டாரே. யாரும்மா அவர வர வேணாம்னு சொன்னது?"

"டாக்டருங்கதான்" என்றேன்.